தூரிகை பிடிக்கப் பயந்த கதை

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதியே பிழைத்தவன் நான். வெள்ளைத்தாளைக் கண்டு ஒருநாளும் தயங்கியதில்லை. இரவு பதினொரு மணிக்கு முதற்பக்கச் செய்தி ஒன்று பிழைத்துப்போய், அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து மேசையருகே நின்ற வேளைகளிலும் கை நடுங்கியதில்லை. அப்படிப்பட்ட நான், கடந்த ஏப்ரல் மாதத்தில், பாசிக்குடாக் கரையில் மடிமீது ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு மூன்று காலைப்பொழுதுகள் சும்மா அமர்ந்திருந்தேன்.

அது எழுதுவதற்கான தாளன்று. நீர்வர்ண ஓவியம் தீட்டுவதற்கென்று பருத்தியிற் செய்யப்பட்ட தடித்த தாள். அருகே ஒரு சிறிய வர்ணப்பெட்டி, இரண்டு தூரிகைகள், ஒரு போத்தல் நல்ல தண்ணீர். எதிரே கடல். தூரிகையை நனைப்பேன், உதறுவேன், மீண்டும் நனைப்பேன். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வாழைச்சேனையிலுள்ள அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

எழுபது வயதை எட்டிய ஒருவன் ஓவியம் கற்றுக்கொள்ளாவிட்டால் உலகத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வரைய வேண்டிய படம் ஒன்று இருந்தது. அதை வேறு எவராலும் வரைய முடியாது. அதுதான் சிக்கல்.

பாசிக்குடாவை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், கல்குடாவை அடுத்து, வளைந்து கிடக்கும் குடாக்கடல் அது. வெளியே முருகைக்கற் பாறைகள் அலையை மறித்துக்கொள்வதால் உள்ளே கடல் குளம்போலக் கிடக்கும். ஆழமும் இல்லை. நூறு யார் நடந்துசென்ற பின்னும் நீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. சின்ன வயதில் நாங்கள் நீந்தப் பழகியதே அப்படித்தான். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. 'இனி நீந்து' என்று எவரும் தள்ளிவிட்டதில்லை. இன்று அந்தக் கரையில் பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. போர் முடிந்த 2009க்குப் பிறகு எழுந்தவை அவை.

அந்தக் கரையை ஒட்டித்தான் எங்கள் வீடும் இருந்தது. அப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை பார்த்தவர். வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்த ஆலை அது. அவருடைய சட்டையில் எப்போதும் ஊறிய வைக்கோலின் மணம் இருக்கும். அவர் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டின் கிடுகுக் கூரையை 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கொண்டுபோயிற்று. மட்டக்களப்பில் அந்தக் காற்றில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்ததை அறிந்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அப்பா மனந்தளராமல் ஓடு வேய்ந்தார். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன. படங்கள் வைத்திருந்த தகரப்பெட்டி இல்லை. வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்த மூன்றோ நான்கோ கறுப்பு வெள்ளைப் படங்கள் அதனுள் இருந்தன. சுவர்கள்தாம் மிஞ்சினவே என்று அப்போது அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுவர்களும் போயின.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. நான் கொழும்பில் இருந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் ஆசிரியபீடத்துக்கு ஓடினோம். தொலைபேசியிலும் தொலைநகலிலும் ஊர்ப்பெயர்களும் எண்களுமாக வந்துகொண்டிருந்தன. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பிறகு தெரிந்த கணக்கு. அன்று எங்களிடம் இருந்தவை கிழிந்த பட்டியல்கள் மாத்திரமே. ஒரு பட்டியலில் நிருபர் 'கற்குடா' என்று எழுதியிருந்தார். வழக்கில் உள்ளபடி அதைக் 'கல்குடா' என்று திருத்தி, பக்கத்தில் இருந்த எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன். அந்த எண்ணுக்குள் என் அத்தானும் அடக்கம் என்பது மறுநாள் மாலைதான் எனக்குத் தெரியவந்தது.

அக்காவும் பிள்ளைகளும் அன்று காலை வாழைச்சேனையில் உறவினர் வீட்டில் நின்றதனால் தப்பினார்கள். அதன் பிறகு அக்கா கடற்கரைப் பக்கம் போகவில்லை. வீட்டைப் பற்றியும் பேசுவதில்லை. நான் சில ஆண்டுகளுக்குப் பின்னர் பிள்ளைகளுடன் ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது அந்த வீட்டை நன்றாக நினைவு வைத்திருப்பவர்கள் உலகத்தில் இரண்டுபேர். ஒருவர் பேசுவதில்லை. மற்றவருக்கு வரையத் தெரியாது.

எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதிப் பார்த்தேன். 'கிழக்கு நோக்கிய வாசல், இரண்டு அறை, ஒரு திண்ணை' என்று எழுதினால் அது காணி உறுதியைப்போல இருந்ததே தவிர, வீடாக வரவில்லை. பேரப்பிள்ளை ஒருமுறை, "தாத்தா, உங்கட வீடு எப்படி இருந்தது, கீறிக் காட்டுங்க" என்று தாளை நீட்டியபோது, கண்ணாடியைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டேன். அந்த வாரமே வர்ணப்பெட்டியும் தாளும் வாங்கினேன். அவை மூன்று பனிக்காலங்கள் பிரிக்கப்படாமல் அலுமாரியில் கிடந்தன.

எதற்காக இத்தனை அச்சம் என்று யோசித்தபோது, 1979ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. இதுவரை நான் எழுத்தில் வைக்காத ஒரு சம்பவம்.

அப்போது நான் இளம் நிருபன். கொழும்பில் ஒரு மண்டபத்தில் ஓய்வுபெற்ற அஞ்சலதிபர் ஒருவரின் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. ஓய்வுபெற்ற பின்னரே தூரிகை பிடித்தவர் அவர். நுவரெலியா மலைகள், திருகோணமலைத் துறைமுகம், வீட்டுப் பூச்சாடி என்று முப்பது படங்கள். நல்ல படங்கள் அல்ல. அதைச் சொல்ல எனக்கு நான்கு வரி இடம் கிடைத்தது. 'அஞ்சல் முத்திரை அளவில் வரைந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும்' என்று முடித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். செய்தியாசிரியர் முதுகில் தட்டினார்.

ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் குடை. நான் எழுந்து நின்றேன்.

"தம்பிதானா அதை எழுதியது?"

"ஓம், ஐயா."

"நீங்கள் வரைவதுண்டா?"

"இல்லை, ஐயா."

"ஓய்வு பெற்ற பிறகாவது வரைந்து பாருங்கள். கோபத்தில் சொல்லவில்லை."

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தச் சம்பவத்தையும் நான் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகள் நகைச்சுவையாகச் சொல்லிவந்தேன். இன்று எனக்குத் தோன்றுவது வேறு. என்னுடைய தாளுக்கு முன்னால் நான் அமரும்போதெல்லாம், என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பவன் அந்த இருபத்துநான்கு வயது நிருபன்தான். அவனிடம் நான்கு வரி இடம் இருக்கிறது. முடிவு வரியை அவன் ஏற்கெனவே யோசித்துவிட்டான்.

பயந்தவன் செய்வதை நானும் செய்தேன். வரைவதற்குப் பதிலாக, வரைவதைப் பற்றிப் படித்தேன். ரொறொன்ரோப் பொதுநூலகத்தில் ஓவிய நூல்கள் இருக்கும் அடுக்கில் ஒரு குளிர்காலம் முழுவதும் கழிந்தது. அதில் இரண்டு பேரின் கதைகள் மனத்தில் நின்றன. இருவருமே எழுதுகிறவர்கள்.

முதலாமவர் வின்ஸ்டன் சேர்ச்சில். அவருடைய அரசியலை நான் ஏற்பவனல்லன். 1943இன் வங்கப் பஞ்சத்தை அறிந்த எவருக்கும் அவரைப் புகழ நா எழாது. ஆயினும் அச்சத்தைப் பற்றி அவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். 1915 மே மாதத்தில், டார்டனெல்ஸ் போர்முனைத் தோல்வியை அடுத்துக் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து, நாற்பது வயதில், செய்வதறியாது ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். தம்பியின் மனைவி நீர்வர்ணம் தீட்டுவதைக் கண்டு தாமும் முயன்று, பிறகு எண்ணெய் வர்ணங்களை வாங்கினார். துணிச்சட்டத்தின் முன் நின்றதும் கை ஓடவில்லை. வானம் நீலம் என்பதில் ஐயமில்லை. ஆகவே மிகுந்த எச்சரிக்கையுடன் ஒரு அவரை விதையளவு நீலத்தை வைத்துவிட்டு நின்றுவிட்டார். அந்த வேளையில் ஹேசல் லவரி என்ற அம்மையார் வந்தார். ஓவியர் ஜோன் லவரியின் மனைவி; தாமும் ஓவியர். பெரிய தூரிகை ஒன்றை வாங்கி, நீலத்தில் தோய்த்து, துணியின்மேல் அஞ்சாமல் வீசி இழுத்தார். துணி திருப்பி அடிக்கவில்லை. அத்துடன் மந்திரக்கட்டு அறுந்தது. சேர்ச்சில் அதன் பின் வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார்.

இரண்டாமவர் இரவீந்திரநாத் தாகூர். 1900ஆம் ஆண்டளவிலேயே அவருக்கு வரையும் ஆசை இருந்தது. நண்பர் ஜகதீஷ் சந்திர போசுக்கு எழுதிய கடிதமொன்றில், பென்சிலைவிட அழிப்பானுக்கே தம்மிடம் வேலை அதிகம் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். பிறகு நெடுங்காலம் அதைப் பெரிதாக மேற்கொள்ளவில்லை. 1924இல் ஆர்ஜென்டினாவில் நோய்வாய்ப்பட்டுத் தங்கியிருந்தபோது, 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் வேண்டாத சொற்களை அடித்துக்கொண்டிருந்தார். அடித்த இடங்கள் அசிங்கமாகத் தெரிந்தன. ஒரு அடித்தலை இன்னொன்றுடன் கோட்டால் இணைத்தார். அது ஒரு பறவையின் அலகாயிற்று. இன்னொன்று பெயரற்ற விலங்காயிற்று. அவருக்கு விருந்தோம்பிய விக்டோரியா ஒக்கம்போ அந்த ஏட்டைக் கண்டு வியந்தார். அவரது முயற்சியினாலேயே 1930 மே மாதத்தில் பாரிஸில் தாகூரின் முதற் கண்காட்சி நடைபெற்றது. அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. 1934இல் அவர் இலங்கைக்கு வந்து ஹொரணையில் சிறீ பாளி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, நம்மவர்கள் கவிஞரைப் பார்க்கத் திரண்டார்கள். வந்தவர் ஓர் ஓவியருமாக மாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மொத்தமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அவர் விட்டுச்சென்றார்.

இந்த இரண்டு கதைகளையும் படித்து மகிழ்ந்தேன். நண்பர்களுக்குச் சொல்லியும் மகிழ்ந்தேன். வர்ணப்பெட்டி மட்டும் பிரிக்கப்படவில்லை.

இனிப் பாசிக்குடாவுக்கு வருகிறேன்.

அக்காவின் பேத்தி மட்டக்களப்பில், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயில்கிறாள். மூன்று நாளாக வெள்ளைத்தாளுடன் போய் வெள்ளைத்தாளுடன் திரும்பும் கிழவனை அவள் கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு என்னுடைய பெட்டியைத் திறந்து பார்த்தாள். இருபத்துநான்கு வர்ணங்கள். இருபதை எடுத்து அப்புறம் வைத்துவிட்டாள். ஒரு கருநீலம், ஒரு பச்சை கலந்த நீலம், ஒரு மஞ்சள், ஒரு செம்மண் நிறம். "இவ்வளவும் போதும், தாத்தா. கருநீலத்தோட செம்மண்ணைச் சேத்தா மழைமேகம் வரும். வெள்ளை தேவையில்ல. தாள்தான் வெள்ளை. நுரை வாற இடத்தில ஒண்டும் பூசாம விட்டா அதுவே நுரை."

பூசாமல் விடுவதுதான் நுரை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரிகைத் தொழிலிலும் அப்படி ஒன்று உண்டு.

"பிழைத்துப்போனால்?" என்றேன்.

"பிழைக்கும்தானே," என்றாள். "முதல் இருபது படமும் பிழைக்கும். எங்களுக்கும் அப்படித்தான். இருபத்தோராவதைக் கீற வேணுமெண்டால் இருபதையும் முடிக்க வேணும்."

நாலாம் நாள் காலை. கச்சான் காற்றுத் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. கடல் அசையாமல் கிடந்தது. கரையோரம் நிறமே இல்லை, மணல்தான் தெரிந்தது. அப்பால் இளம்பச்சை, அதற்கப்பால் நீலம், பாறைகள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. விடுதிக் காவலாளி தூரத்தில் நடந்துகொண்டிருந்தான். நான் தூரிகையைப் பையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த மைப்பேனையை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆயுதம் அதுதான்.

அந்த விலையுயர்ந்த தாளின் நடுவில் செய்தி எழுதுவதுபோல எழுதினேன்: 'பாசிக்குடாக் கரையிலிருந்து நூறு யார் தொலைவில், கிழக்கு நோக்கிய வாசலுடன் ஒரு வீடு இருந்தது. கூரை ஓடு. முன்னால் பூவரசு. தெற்கே கிணறு.'

எழுதி முடித்ததும் ஒப்புநோக்கும் பழக்கம் தன்பாட்டில் வேலை செய்தது. 'நூறு யார்' சரியா? எண்பதுதான் இருக்கும். அடித்தேன். 'கூரை ஓடு' என்றால் 1978க்கு முன்னர்? கிடுகு. அதையும் அடித்தேன். 'ஒரு வீடு' என்பதில் 'ஒரு' எதற்கு? அடித்தேன். தாள் பழுதாகிவிட்டது. அதைக் கண்டதும் மனத்தில் ஒரு பாரம் இறங்கியது. இனி அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை எனக்கில்லை.

அடித்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற விதம் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. வேலி. எங்கள் வளவின் கிடுகுவேலி அப்படித்தான், ஒழுங்கில்லாமல், ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இன்னும் நாலு கோடு இழுத்தேன். படலைக்கு இடம் விட்டேன். 'கூரை' என்ற சொல்லின் மேலேயே கூரையை இழுத்தேன். பிறகுதான் தூரிகை நினைவு வந்தது. நனைத்து மேலே ஒரு தடவு தடவினேன். மைப்பேனையின் மை தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடியது. நீலம் எழுத்துக்களை விட்டு வழிந்து தாளின் கீழ்ப்பகுதி முழுவதும் பரவிற்று. நான் கடலைத் தீட்டவில்லை. செய்தி கரைந்து கடலாயிற்று.

அழகான படம் என்று சொல்லமாட்டேன். கூரை தொப்பியைப்போல இருந்தது. பூவரசு பூக்கோவாவை ஒத்திருந்தது. தோளுக்குப் பின்னால் நின்ற நிருபன் தன் வரியைச் சொன்னான். எனக்குக் கேட்டது. ஆனால் என் கை ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அச்சம் போனபிறகு தூரிகையை எடுக்கலாம் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தது எவ்வளவு பெரிய மடமை! அது போகவில்லை. அருகிலேயே குந்தியிருந்தது. வேலை நடந்தது.

மாலையில் அக்கா வீட்டு விறாந்தையில் அந்தத் தாளை உலர வைத்திருந்தேன். ஈரத்தில் ஓரங்கள் வளைந்துபோயிருந்தன. நான்கு பக்கமும் கல் வைத்திருந்தேன். மறைத்து வைக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். மறந்துவிட்டேனா, மறந்ததுபோல இருந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. என்னுடைய உண்மையான அச்சம் படம் பிழைத்துவிடுமே என்பதன்று. அக்கா அதைப் பார்த்துவிடுவார் என்பதுதான். இருபது ஆண்டுகளாக மூடிக்கிடந்த ஒன்றை என்னுடைய பொழுதுபோக்குக்காகத் திறக்க எனக்கு என்ன உரிமை?

அக்கா தேநீருடன் வந்தார். தாளைப் பார்த்தார். கோப்பைகளை நிலத்தில் வைத்துவிட்டு, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"கிணறு இந்தப் பக்கமில்ல, மனே. வடக்குப் பக்கம்."

"தெற்கேதானே, அக்கா? நான் தண்ணி அள்ளியிருக்கிறேன்."

"நீ எங்க அள்ளினாய்? நான் அள்ளி ஊத்த நீ குளிச்சாய். வடக்குப் பக்கம்."

இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. இருபது ஆண்டுகளில் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் பேசிய முதற்பேச்சு ஒரு கிணற்றுச் சண்டை! காலை வெயில் கிணற்றுக்கட்டில் எந்த நேரம் விழும், துணி உலர்த்தும் கொடி எங்கே கட்டியிருந்தது என்று அக்கா ஒவ்வொன்றாகச் சாட்சி வைத்தார். நான் தோற்றேன். ஐம்பது ஆண்டுகளாக என் நினைவிலிருந்த கிணறு பிழையான பக்கத்தில் இருந்திருக்கிறது. எழுத்தில் வைத்திருந்தால் அந்தப் பிழை அப்படியே நின்றிருக்கும். மோசமாகக் கீறப்பட்ட ஒரு படம்தான் திருத்துகிறவரை வாய்திறக்க வைத்தது.

"எங்க, அந்தக் கோலைத் தா," என்றார். தூரிகையைத்தான் சொன்னார்.

எழுபத்தைந்து வயதில் முதன்முதலாகத் தூரிகை பிடிக்கும் ஒரு பெண்ணின் கையில் நான் ஒரு கணத் தயக்கத்தையும் காணவில்லை. விளக்குமாற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். செம்மண் நிறத்தைக் குழைத்து, வடக்கே ஒரு வட்டம் போட்டார். கிணறு. தென்புறத்து என் கிணற்றின்மீது ஒரு வாழையை நட்டார். பிறகு சற்று நிறுத்தி, பூவரசின் கீழே, படலைக்கு அருகில், நீளமாக ஒரு கோட்டை இழுத்தார். தாளின் விளிம்புவரை போனது. கீழே நான்கு கால்கள்.

"இது என்ன, அக்கா?"

"வாங்கு."

அத்தான் மாலையில் அமர்ந்திருக்கும் மரவாங்கு. எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் படத்தில் அது வீட்டைவிட நீளமாக இருந்தது. திருத்துகிறவனின் புத்தி போகுமா? "கொஞ்சம் நீளம் கூடிப்போச்சுது போல," என்றேன்.

"அவர் காலை நீட்டியெல்லோ இருக்கிறவர்," என்றார் அக்கா.

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தோம்.

அடுத்த இரண்டு வாரங்களில் பதினேழு படங்கள் கீறினேன். காலையில் நான் கடலுக்குப் போவேன். அக்கா வரமாட்டார், நானும் அழைக்கவில்லை. "கடலை நீ பாத்துக்கொண்டு வா. வீட்டை நான் சொல்லுறன்," என்பார். நான் நீரும் வானமும் பூசிய தாள்களைக் கொண்டுவருவேன். விறாந்தையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல வீட்டை வைப்பேன். சில நாள் அவரே வைப்பார். பதினேழில் இரண்டு தேறும் என்று பேத்தி சொல்கிறாள். அவளுக்கு எப்போதும் தாராள மனம். வாங்கு நீண்டுபோன அந்த முதலாவதை மட்டும் சட்டம் போட்டு அக்கா வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

இந்த வயதில் தொடங்க நினைத்து, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் என்னைப்போன்றோருக்கு அனுபவத்திலிருந்து மூன்றே சொற்கள். நல்ல தாளில் தொடங்கவேண்டாம். தொடங்கினாலும் முதலில் அதை எழுதியாவது பழுதாக்கிவிடுங்கள். நான்கு வர்ணங்களுக்கு மேல் வெளியே எடுக்கவேண்டாம். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கீறுங்கள். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் 'அப்படியில்லை' என்று சொல்வார். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

எஞ்சியிருப்பது ஒரு கடன்.

பத்திரிகையில் பிழையான செய்தி வந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று ஒரு சிறு பெட்டி போடுவது வழக்கம். பெரும்பாலும் உள்பக்கத்தில், எவர் கண்ணிலும் படாத மூலையில். அந்த அஞ்சலதிபரின் பெயர்கூட எனக்கு இன்று நினைவில்லை. அவர் இப்போது உயிருடன் இருக்க வாய்ப்பில்லை. அவருடைய முப்பது படங்களில் ஒரே ஒரு படம்தான் கண்ணில் நிற்கிறது. ஒரு சிறிய அஞ்சலகம். முன்னால் சிவப்புத் தபாற்பெட்டி. அந்தப் பெட்டி கட்டடத்தைவிடப் பெரிதாக இருந்தது. அளவு தெரியாத மனிதர் என்று அன்று சிரித்தேன். ஏன் அவ்வளவு பெரிதாக வரைந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்துடன்: 1979இல் நான் எழுதிய நான்கு வரிகளில், படங்கள் நன்றாக இல்லை என்பதைத் தவிர மற்றவை எல்லாம் பிழை. அதற்காக வருந்துகிறேன்.